சாயத் தொட்டியும் முதலாளி அம்மாவும்

1

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பட்டறைக்குள் வந்ததும், "ஓனர் யாருங்க?" என்று கேட்டார். வேலையாட்கள் ஆறு பேரும் ஏகாம்பரத்தைக் காட்டினோம். ஏகாம்பரம் வாசல் போர்டைக் காட்டினார். அதில் அவர் மனைவி வசந்தாவின் பெயர் இருந்தது.

ஐயம்பேட்டையில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அது. நான் சாய மாஸ்டர். பெண்கள் பெயரில் தொழில் தொடங்கினால் மானியம் உண்டு என்று யாரோ சொன்னதால் வசந்தா அம்மா முதலாளி ஆகியிருந்தார். கொடுத்த படிவத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். பட்டறைக்கு ஆயுதபூஜை அன்று வருவார், பொங்கலை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அதிகாரி நோட்டீஸை நீட்டினார். சாயத் தண்ணீர் நேராகக் கால்வாயில் விழுகிறது. ஒரு மாதத்தில் சரிசெய்யாவிட்டால் பட்டறைக்குச் சீல், உரிமையாளர் மேல் வழக்கு. அந்த நிமிடமே ஏகாம்பரம் பெண்ணுரிமையை முழுமனதாக ஏற்றுக்கொண்டார். போன் போட்டு மனைவியை வரவழைத்தார்.

"வாங்கிக்கினதா ஒரு கையெழுத்து போடு வசந்தா. மீதிய நான் பாத்துக்கறேன்."

"இருங்க, படிச்சுட்டுப் போடறேன்."

நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். "கேஸு என் பேர்லதான வரும்? அப்ப நானே பாத்துக்கறேன்" என்றார்.

2

மறுநாள் எட்டு மணிக்கே வந்துவிட்டார். அரக்குச் சாயம் போட்ட தொட்டியை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தோம். கால்வாய் செக்கச்செவேலென்று ஓடியது.

"மாஸ்டர், சாயம் பட்டுல தான ஏறணும்? இங்க இன்னாத்துக்கு ஓடிக்கினு இருக்குது?"

முப்பது வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. "அது அப்படித்தாம்மா" என்றேன்.

அடுத்த வாரம் சின்னத் தராசும், தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் பேப்பரும் வந்தன. நான் கண்ணளவில் போடுகிறவன். நிறம் வெளுத்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு பிடி சாயப்பொடி கூடவே போடுவேன். அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன். தராசைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"கலர் மாறிட்டா கடைக்காரங்க திருப்பி அனுப்புவாங்கம்மா. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஓனர் நான்தான?"

ஒரு கிலோ பட்டு எடுத்தோம். சாயப்பொடி டப்பாவில் அச்சிட்டிருந்த அளவைப் படித்து, பொடியை நிறுத்துப் போட்டார். ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பேப்பரில் பார்த்து, சூட்டை வழக்கத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாக வைக்கச் சொன்னார். கெட்டுப்போகட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது உண்மை. நூலைத் தூக்கினால் தொட்டியின் அடி தெரிந்தது. தண்ணீரில் லேசான சிவப்பு மட்டும்தான் மிச்சம்.

புது நூல் கழியையும் பழைய நூல் கழியையும் வெயிலில் பிடித்து, "இதுல உங்களுது எது மாஸ்டர்?" என்றார். நான் பளிச்சென்று இருந்ததைக் காட்டினேன். அது அவருடையது.

மிச்சத் தண்ணீரை வடித்துவிடாமல் அடுத்த அரக்குக்கு வைத்துக்கொண்டோம். மற்றக் கழிவுநீருக்காகப் பட்டறையின் பின்பக்கம் வடிகட்டும் தொட்டி கட்டினார். மாதம் முடிந்து அதிகாரி வந்தார், பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். சீல் விழவில்லை.

3

பிறகு ஒரு வியாபாரிகள் கூட்டம். பெண்கள் முதலாளியானால் தொழில் எப்படிப் பசுமையாகும், புதுமையாகும் என்று மேடையில் ஏகாம்பரம் அரை மணி நேரம் பேசினார். நல்ல கைதட்டல். வசந்தா அம்மாவுக்குச் சால்வை போட்டார்கள், மைக் கொடுக்கவில்லை. அவரே கேட்டு வாங்கினார். "இங்க நெறைய பட்டறைங்க வீட்டம்மா பேர்லதான் இருக்குது. அந்த அம்மாங்கள நாளைக்கு எங்க பட்டறைக்கு அனுப்புங்க" என்றார். முன்வரிசை ஆண்கள் டீ குடிக்க எழுந்தார்கள்.

மறுநாள் மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் முதலாளிகள். மூவரும் சாயத் தொட்டியை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார்கள்.

"மாஸ்டர், சாயத்துக்கு முன்னால பட்டுல இருக்கற பசைய எடுக்கப் போடற சோப்புத் தண்ணிய ஒரு வாட்டிதான் யூஸ் பண்ணணுமா?" என்றார் ஒருவர்.

என் தொழிலில் நான் தாமதமாகக் கற்ற பாடத்தை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியலம்மா. போட்டுப் பாப்போம்."