தலைவரின் மின்னஞ்சல் என் கையில்

இன்று லாயாங் லாயாங் ஊர் போட்டோஸ்டாட் கடைக் கணினியில் பிரவுசரைத் திறந்தால், எனக்கு முன் வந்தவரின் மின்னஞ்சல் திறந்தே கிடக்கிறது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டதற்கும் சரி என்றிருக்கிறார்.

யார்? என்னைக் கோயில் கமிட்டியிலிருந்து நீக்கிய அதே தலைவர்!

அவர் பெயரில் ராஜினாமா கடிதம் அடிக்க ஆரம்பித்தேன்.

"அண்ணே, தனியா சிரிக்கிறீங்க, என்னா விஷயம் லா?" என்றார் கடைக்காரம்மா.

வெட்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்து, லாக் அவுட் செய்து, தலைவரையே அழைத்தேன்.

"உங்க இமெயில் கடையில திறந்து கெடந்துச்சு. பாஸ்வேர்டை மாத்திடுங்க."

"யாருடா நீ? ஏமாத்துற ஸ்கேமர் ஆளா? போலீஸ்ல சொல்லிருவேன்!"

துண்டித்துவிட்டார். என் எண்ணைக்கூட வைத்திருக்கவில்லை மனுஷன்.

கடிதத்தை அனுப்பியிருக்கலாமோ? கமிட்டிக்காரர்களும் இந்தப் பதிவின் கீழே கருத்துச் சொல்லலாம்.