கிணற்றுப் பாறையில் பூத்த மஞ்சள்

அன்னபாக்கியத்தின் வளவுக் கிணறு தண்ணீருக்குப் பேர்போனதல்ல. நெடுங்கேணிப் பக்கம் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வருடம், அவளுடைய கணவர் கதிர்காமநாதன் அதை வெட்டினார். கொஞ்ச ஆழத்திலேயே கரும்பாறை வந்துவிட்டது. வெடி வைத்துப் பிளந்தும் ஊற்று வரவில்லை. மாரியில் மட்டும் தண்ணீர் நிற்கும். இது கிணறோ, வெடிக் குழியோ என்று சனம் பகிடி பண்ணியது. அன்னபாக்கியம் கோபிக்கிற ஆளில்லை. தானும் சேர்ந்து சிரித்துவிட்டு, குடத்தோடு குளத்தடிக் கிணற்றுக்குப் போவாள்.

அந்தப் பாறையில்தான் மஞ்சள் பூத்தது. வெயில் ஏறி, தண்ணீர் வற்றி, வைகாசி பிறக்கும்போது பாறை வெடிப்புகளின் ஓரத்தில் மாத் தூவினாற்போலப் படியும். முதல் மழையோடு கரைந்து போய்விடும். அடுத்த வைகாசியில் திரும்பவும் வரும். வைகாசி, வற்றாப்பளைக் கோயில் அம்மாளின் பொங்கல் மாதம். அன்னபாக்கியத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீர் தராத கிணற்றுக்கும் அம்மாள் வந்து போகிறாள் என்று மனம் குளிர்ந்தாள். தேங்காய்ச் சிரட்டையில் சுரண்டி வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் நெற்றிக்குக் கொடுத்தாள்.

பக்கத்துக் காணி விமலேஸ்வரிக்குக் கலியாணமாகி நெடுநாள் பிள்ளையில்லை. ஒரு வருடம் வைகாசி வரும்போது வயிற்றில் தங்கியிருந்தது. அவள் மஞ்சளை நெற்றியோடு விடவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, ஒரு சிட்டிகை கரைத்துக் குடிப்பாள். கரைத்துக் கொடுப்பது அன்னபாக்கியம்.

அந்த நாட்களில், எங்கே என்ன கல் கிடக்கிறது என்று காடுமேடெல்லாம் பார்த்துத் திரிந்த இளம் உத்தியோகத்தர் யோகநாதன் ஜீப்பில் வந்தார். கிணற்றுக்குள் இறங்கியதும் அவருடைய கதிர்வீச்சு அளக்கும் பெட்டி விடாமல் டிக் டிக் என்று அடித்தது. ஒரு துண்டுக் கல்லை உடைத்துக்கொண்டு மேலே வந்து, சாக்கால் மூடி, உள்ளே ஊதா விளக்கைப் பிடித்து, அன்னபாக்கியத்தையும் பார்க்கச் சொன்னார். மஞ்சள், மின்மினிபோலப் பச்சையாய் ஒளிர்ந்தது. அவள் கும்பிட்டாள்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாறைக்குள் யுரேனியம் இருக்கிறதாம், பித்தளைப் பொட்டுப்போல மின்னுகிற கந்தகக் கல்லும் இருக்கிறதாம். ஈரமும் காற்றும் பட்டு இரண்டும் அரிபட, உப்பாகக் கசிந்து வந்து வெயிலில் காய்கிறதாம். பழைய சுரங்கச் சுவர்களில் அரிதாய்க் காண்பதாம். தான் இதுவரை போத்தலுக்குள்தான் கண்டதாம். சொல்லிக்கொண்டு வந்தவர் சிரட்டையைக் கண்டார். அது எதற்கென்று கேட்டறிந்ததும் முகம் மாறிவிட்டது.

"அம்மா, இது நஞ்சு. வயித்துக்குள்ள போகக்கூடாது. பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கவே கூடாது."

அவரே போய் விமலேஸ்வரியிடமும் சொன்னார். அவள் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போலக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஜீப்பில வந்தவருக்கு அம்மாளைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் கரைச்சுத் தாங்கோ மாமி."

முந்திய இரவெல்லாம் அன்னபாக்கியம் கண் மூடியிருக்கவில்லை. அம்மாள் வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பெடியன் முகத்தில் கண்ட பயமும் பொய்யில்லை. உப்பு என்று அவர் சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்திருந்தாள்.

"பிள்ளை, வற்றாப்பளைப் பொங்கலுக்கு எண்ணெய்க்குப் பதிலா என்ன ஊத்தி விளக்கெரிக்கிறவை?"

"கடல் தண்ணிதானே."

"அதை ஆரும் குடிக்கிறவையே?"

விமலேஸ்வரி நீட்டிய கிண்ணத்தைத் தாழ்த்தினாள்.

"அது அம்மாள் தனக்கெண்டு எடுத்த உப்பு. இதுவும் அவவின்ரதான். எங்களுக்குக் கும்பிட மட்டும்தான் தந்தவ. நான் விளங்காமல் கை வைச்சிட்டன்."

சிரட்டையை அப்படியே கிணற்றுக்குள் போட்டாள். கையை இரண்டு தரம் கழுவினாள். விமலேஸ்வரியின் கை வயிற்றுக்குப் போனது.

"பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதுதானே, மாமி?"

அன்னபாக்கியம் அவளுடைய கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில கேப்பம். சீலையை மாத்து, நானும் வாறன்."

வவுனியா வரை பஸ் குலுங்கக் குலுங்க அவளை அணைத்துப் பிடித்தபடி அம்மாளை மன்றாடிக்கொண்டு போனாள். பார்த்த டாக்குத்தர், இப்போது ஒரு குறையும் தெரியவில்லை, ஆனால் மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றார். விதைப்பு நாளோ, மழை நாளோ, அன்னபாக்கியம் ஒரு முறைகூடத் தவறாமல் கூடப் போனாள். மார்கழியில் பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான், வாசலில் நின்றவள் நிலத்தில் குந்தினாள்.