புகைக்கு ஒன்பது மார்க்

அந்த நாளில் தில்லியில் நல்ல சிங்கிள் மால்ட் விஸ்கி வேண்டுமென்றால் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அப்படி ஒரு பாட்டில் கிடைத்தால், நானும் நண்பன் வாசுவும் எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, மோந்து, சுவைத்து, பத்துக்கு மார்க் போடுவோம். என் மூக்கைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

ஜனவரி மாதம். மனைவி ஊருக்குப் போயிருந்தாள். ஏழு வயது மகள் உமா ஜுரத்தோடு உள்ளறையில் ஹீட்டர் அருகே படுத்திருந்தாள். வாசு அன்று ஊற்றியது ஸ்காட்லாந்தின் தீவு விஸ்கி, புகை வாசனைக்குப் பேர்போனது.

"புகை தெரியறதாடா?" என்றான்.

"தெரியறதாவா? வீடே மணக்கறது! ஒன்பது போடு."

"அச்சா! கஞ்சப்பயல் நீயா ஒன்பது போடறே?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "பாயி சாப், ஜல்தி!" என்று கத்தியபடி நேரே உள்ளறைக்கு ஓடினாள். உமா போர்த்தியிருந்த ரஜாய் நழுவி ஹீட்டர்மேல் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் புகை. உமாவை வாரியெடுத்து வெளியே கொண்டுபோனது அந்த அம்மாள்தான். நான் கையில் கிளாஸோடு நின்றிருந்தேன்.

குழந்தை பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கூப்பிட்டேனேப்பா. நீ சிரிச்சுண்டே இருந்தே," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

இப்போது அவள் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளுடைய போன் வந்தால், டி.வி.யை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.