குடைமயில் ஒட்டிய பந்தயக் கார்

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் அத்தை ஒரு கார் செய்தாள். அப்பாவின் கடைசித் தங்கை அவள். கோவில்பட்டிக்கு வெளியே இருந்த இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து செய்த அந்தக் காரில் ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம். மோட்டார் சைக்கிள் இன்ஜின். கதவு கிடையாது, கூரை கிடையாது. முதன்முதலாக அதைப் பார்த்த அம்மா, "நல்லாருக்கு, மிச்சத்த எப்ப செய்வீங்க?" என்று கேட்டாள்.

அத்தைக்குப் பந்தயப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் வெளிநாட்டுக் கார் பந்தயம் ஓடினால் வீட்டில் யாரும் ரிமோட்டைத் தொட முடியாது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொல்லுவாள். கோடீஸ்வரர்கள் வாங்குகிற கார்களைச் செய்யும் கம்பெனிகள்தான் அந்த அணிகளுக்குப் பின்னால் நிற்கின்றனவாம். சிவப்புக் கார் கம்பெனியை ஆரம்பித்தவர் பந்தயத்துக்காகத்தான் கார் செய்ய வந்தாராம். அந்தச் செலவைச் சமாளிக்கத்தான் பணக்காரர்களுக்குக் கார் விற்க ஆரம்பித்தாராம். வெள்ளி நிறக் கார் கம்பெனிக்காரர்கள் ஒருமுறை எடை கூடிவிட்டது என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஓட்டி ஜெயித்தார்களாம். மற்றப் பிள்ளைகள் ராஜா கதை கேட்ட வயதில் நான் இதைக் கேட்டு வளர்ந்தேன்.

காலேஜ் பிள்ளைகள் தாங்களே செய்த கார்களை ஓட்டும் போட்டி ஒன்று கோயம்புத்தூரில் நடக்க இருந்தது. அத்தைதான் ஓட்டுகிறவள். கார் தயார். ஆனால் பந்தயத் தடத்துக்கான டயர் இல்லை. டயர் வாங்கித் தர ஒரு ஸ்பான்சர் வேண்டும். ஊரில் பல கடைகள் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

அப்பாவுக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். எங்கள் பெட்டியின் லேபிளில் ஒரு மயில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். மயிலுக்கு எதற்குக் குடை என்று யாரும் கேட்டதில்லை. தீப்பெட்டி சுமாராக விற்றது.

அப்பா உடனே மறுத்தார். காரணம் இருந்தது. புதியம்புத்தூரில் ரெடிமேடு துணிக் கம்பெனி வைத்திருந்த ஒரு குடும்பத்தார் அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண் படித்திருப்பது நல்லதுதான், ஆனால் வேலைக்கு அனுப்புகிற வழக்கம் தங்கள் வீட்டில் இல்லை என்று காப்பி குடித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள். அத்தை காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பொம்பளப் பிள்ள கார் பந்தயத்துக்குப் போறான்னு தெரிஞ்சா அவிய என்ன நினைப்பாவ?" என்றார் அப்பா.

"நம்ம அப்பா பந்தயத்துல வண்டி ஓட்டலையா அண்ணே?"

"அது மாட்டு வண்டிட்டி."

"இது மாடு மாதிரி முட்டாது."

அடுப்படியில் அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அம்மா சிரித்துவிட்டால் அப்பாவால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. டயருக்குச் சம்மதித்தார். புதியம்புத்தூருக்கு விஷயம் போகக் கூடாது, காரில் மயில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

விளம்பரத்துக்குப் பெரிய ஸ்டிக்கர் அடிக்கலாம் என்றாள் அத்தை. அப்பாவுக்கு அது வீண் செலவாகப் பட்டது. "ஆபீஸ்ல லேபிளு கட்டுக்கட்டா கெடக்கு, அத எடுத்து ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒரு சட்டி நிறைய மைதாப் பசை காய்ச்சினாள். ஆபீஸில் வேலை பார்த்த அக்காமார்களும் நாங்களும் உட்கார்ந்து அன்றைக்கே ஒட்டி முடித்தோம். மூக்கிலிருந்து வால்வரை மீன் செதில் மாதிரி நெருக்கமாக மயில்கள். அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, இப்போதுதான் இது கார் மாதிரி இருக்கிறது என்றார்.

கோயம்புத்தூருக்கு எல்லோரும் வேனில் போனோம். அங்கே எங்கள் கூடாரத்துக்கு எதிரே பளபளவென்று ஒரு பெரிய கூடாரம். ஏதோ ஒரு பெரிய நகரத்துக் காலேஜ். வெளிநாட்டுச் சொகுசு கார் கம்பெனி ஒன்று அவர்களுக்கு ஸ்பான்சர். கம்பெனியின் பழைய பந்தயப் படங்களைக் கூடாரம் முழுக்க மாட்டியிருந்தார்கள். கண்ணாடி மாட்டிய ஓட்டுநர்கள், கறுப்பு வெள்ளைக் கார்கள், மாலைகள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"மூணு தலைமுறையா நாங்க ரேஸ்ல இருக்கோமுங்க" என்றார் அந்தக் கம்பெனி அதிகாரி, மரியாதையாக.

"நாங்களும் அப்பிடித்தான் அண்ணாச்சி. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் எங்க அப்பா வண்டிய முந்த ஆளு கிடையாது" என்றார் அப்பா, அதே மரியாதையோடு. என்ன வண்டி என்று அவரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் கார்களைச் சோதித்தபோது ஒரு சிக்கல் வந்தது. பெட்ரோல் டேங்க்கைச் சுற்றித் தீப்பெட்டி விளம்பரம் ஒட்டியிருப்பதைப் பார்த்து நடுவர் திகைத்துப் போனார். "சார், வெறும் காயிதம்தான், உரசினாலும் பத்தாது" என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. நானும் அம்மாவும் அந்த இடத்து மயில்களை நகத்தால் சுரண்டி எடுத்தோம்.

பந்தயம் தொடங்கி ஐந்தாறு சுற்று முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அதுவரை அத்தை நடுவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்; சொகுசு கம்பெனியின் கார் முன்னால் போனது. தடம் நனைந்ததும் ஒவ்வொரு காராக வளைவில் வழுக்க ஆரம்பித்தது. சில கார்கள் சுற்றிக்கொண்டு புல்லில் போய் நின்றன. மற்றவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். அத்தை குறைக்கவில்லை. மழை பெய்த கரிசலில் ஒரு எட்டு வைத்துப் பார்த்தவர்களுக்கு வழுக்கல் என்றால் என்னவென்று தெரியும். அவள் வண்டி ஓட்டிப் பழகியதே அந்தச் சேற்றில்தான். கார் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்; அவள் பதறாமல் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி, வழுக்க விட்டே வளைவைத் தாண்டிப் போவாள்.

அதே மழையில் மைதாப் பசையும் இளகிவிட்டது. அத்தை ஒவ்வொரு காராக முந்த முந்த, மயில்கள் உரிந்து காற்றில் பறந்தன. பின்னால் வந்த கார்களின் மீதெல்லாம் போய் ஒட்டிக்கொண்டன. அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்.

"மயிலு பறக்குது பாருங்கடே!"

கடைசிச் சுற்றுக்கு முந்தின வளைவில் சொகுசு கம்பெனியின் காரை வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து முந்தினாள். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எங்கள் காரில் மூக்கு நுனியில் இருந்த கொஞ்சம் மயில்கள்தான் பாக்கி. முதல் பரிசு. காலேஜ் பிள்ளைகள் அத்தையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அம்மா மழையில் நனைந்துகொண்டே விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கம்பெனி அதிகாரி நேரே வந்து அத்தைக்குக் கை கொடுத்தார். தங்கள் காரிலிருந்து உரித்த ஒரு லேபிளை அப்பாவிடம் நீட்டி, "உங்க மயிலுங்க" என்றார். அத்தை இப்போது சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியின் சோதனைத் தடத்தில் புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். அதற்கு முதல் பேச்சு அந்த மழையில், அந்த அதிகாரியோடுதான் நடந்தது.

கோப்பையோடு வெளியே வந்து ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். அப்பாவின் செல்போன் அடித்தது. நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

"ஆமா, எங்க வீட்டுப் பிள்ளதான். ஆமா, அவதான் ஓட்டுனா, மொதப் பரிசு!" என்று உற்சாகமாக ஆரம்பித்தவர், பிறகு எதிர்ப்பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, உங்களுக்குத் தோதுப்படலன்னா விட்ருங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அது பழகிய பேச்சு. தீப்பெட்டி வியாபாரிகள் ஆர்டரை ரத்து செய்தால் அப்பா அப்படித்தான் சொல்லுவார். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

"பெரிய ஆர்டராப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாட்டி. பெருசுதான். போகட்டும்" என்றார்.

நான் எழுந்து போய் அத்தையின் காதில், அப்பாவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று போய்விட்டது, இனிமேல் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். அத்தை கையில் பரோட்டாவோடு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்துபோய்க் கையை விலக்கிப் பார்த்தால் சிரிக்கிறாள். அப்பாவும் சிரித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

அது புதியம்புத்தூரிலிருந்து வந்த போன் என்பதும், அவர்களுடைய உறவுக்காரப் பையன் ஒருவன் பந்தயத்தைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தான் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் ஒரே கவலைதான். இவ்வளவு பெரிய நஷ்டத்தில், அப்பா ஏன் எல்லோருக்கும் இன்னொரு ரவுண்டு பரோட்டா சொல்கிறார்?