வெறும் கொழுப்புத் துளி

அன்று எங்கள் அண்ணி தன் பேராசிரியரை 'யோவ்' என்று கூப்பிட்டுவிட்டார். அண்ணி அப்படிப்பட்டவர் அல்ல. பூனையைக்கூட 'வாங்க' என்பவர்.

அண்ணிக்கு வேலை, ஆய்வகத்தில் ரத்தப் புற்றுநோய் செல்களை வளர்ப்பது. வெதுவெதுப்பான பெட்டிக்குள் கிண்ணம் கிண்ணமாக வைத்து, தவறாமல் தீனி மாற்றுவார். "வீட்டுல இருக்கறதுங்களவிட இதுங்க ஒழுங்கா சாப்பிடுதுங்க" என்று எங்களைக் குத்துவார்.

செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ என்றொரு துணுக்கு உண்டு. மற்ற கட்டளைகளின் வாயை அடைப்பதுதான் அதன் தொழில். அப்படி ஒன்று இந்த நோய்ச் செல்களில் குறைந்துகிடந்தது. 'வளரு, வளரு' என்ற கட்டளையை அடக்க ஆளில்லை. குறைந்துபோன அந்தத் துணுக்கைக் கொழுப்புத் துளியில் பொதிந்து உள்ளே அனுப்பினார்கள். செல்கள் வளராமல் நின்றன. பேராசிரியர் கேக் வெட்டினார். அதோடு விட்டாரா? கேக் தின்ன வந்த அண்ணியின் தம்பியிடம், அதே நோயோடு மல்லுக்கட்டுகிறவனிடம், "இனிமே உனக்கு அந்தக் கண்றாவி மருந்தெல்லாம் எதுக்குப்பா?" என்றும் சொல்லிவைத்தார்.

தம்பி அதையே பிடித்துக்கொண்டான். அடுத்த சுற்று மருந்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டான்.

அண்ணிக்கு ஒன்று உறுத்தியது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கிண்ணத்தில் யாரும் எதையுமே ஊற்றியிருக்கவில்லை. ஆர்.என்.ஏ இல்லாத வெறும் கொழுப்புத் துளியை ஊற்றிப் பார்த்தார். அதிலும் செல்கள் அப்படியே நின்றுபோயின.

"சார், கொழுப்பே செல்லை வளரவிடாம நிறுத்திடுது. ஆர்.என்.ஏ வேலை செஞ்சுதான்னு நமக்குத் தெரியவே தெரியாது."

"அவசரப்படாதீங்கம்மா. மறுபடி போட்டுப் பாருங்க."

"திரும்பத் திரும்பப் போட்டாச்சு. என் தம்பிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

"அவன்கிட்ட ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன்..."

"யோவ், ஆறுதலா? அவன் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேங்கிறான்யா!"

அவர் வரவில்லை. அண்ணி கையுறையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தார். தம்பி சோபாவில் கால் நீட்டிக் கிடந்தான். விஷயத்தைக் கேட்டதும் சீறினான்.

"பொறாமையாக்கா? கண்டுபிடிச்சது நீ இல்லையேன்னு?"

"நான்தான்டா கண்டுபிடிச்சேன். நாங்க ஒரு மண்ணும் கண்டுபிடிக்கலைன்னு!"

அவன் முகம் சுருங்கியது. "அப்ப மறுபடி அந்த வாந்திதானா?"

"ஆமா."

"உங்க லேபுல இடி விழ!"

"விழட்டும். செருப்பைப் போடு."

ஆஸ்பத்திரி வரை பின்சீட்டில் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தான். அண்ணி அவன் மணிக்கட்டை விடவேயில்லை. கார் ஓட்டிய நானோ, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவானோ என்று கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்தேன். ஓடவில்லை. திட்டிக்கொண்டே இறங்கினான், திட்டிக்கொண்டே கையை ஊசிக்கு நீட்டினான்.