உப்பளத்திலிருந்து மூன்றாவது டவர்

பம்பாயில் கம்பி குறுக்கே போகாத வானம் கிடைப்பது கஷ்டம். என் படங்களில் மட்டும் அது தாராளமாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் செம்பூரிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். கழிமுகம், உப்பளம், அலையாத்திக் காடு என்று எடுத்து வருவேன். பிறகு அந்த வாரம் முழுக்க, ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக அழிப்பேன். மின்கம்பி, டவர், ஹோர்டிங், தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை. ஒருமுறை காலைக்கடனுக்கு உட்கார்ந்திருந்த ஓர் ஆளையும் மரியாதையோடு அழித்திருக்கிறேன். வானத்தின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லையென்றால் அதையும் மாற்றிவிடுவேன்.

"நீங்க எடுக்குற ஊரு எங்க இருக்குன்னு சொன்னா, நாமளும் அங்கயே வீடு பாத்துப் போயிரலாம்" என்பாள் என் மனைவி. கேலிதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று வரும். கலை தெரியாதவர்களோடு என்ன பேச்சு என்று எழுந்து போய்விடுவேன். அவ்வளவு கர்வம் இருந்தது எனக்கு.

என் அக்காவும் அத்தானும் தாராவியில் மாடி அறை ஒன்றில் இருக்கிறார்கள். அத்தான் இளவயதில் மின்சார டவர் நிறுத்தும் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர். அந்த வேலையில்தான் ஒரு டவரிலிருந்து விழுந்தார். இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிப் போனது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அப்பா "நொண்டிக்கா பொண்ணக் குடுக்கணும்" என்று கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டதாம். கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்த டவரைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. நானும் ஒன்றும் கேட்டுக்கொண்டதில்லை.

போன வருஷம் அத்தானுக்குச் சர்க்கரை கண்ணில் ஏறிவிட்டது. வலது கண் அணைந்தே போனது. இடது கண்ணில், எதையும் ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோனால் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் பால்தான். இதுவும் எத்தனை நாளைக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் வந்தது. அவளுக்கு டைப் பண்ண வராது. எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாள். "தம்பி, எங்க கல்யாண நாள் வருதுல்லா. பாண்டுப் பக்கம் உப்பளத்தத் தாண்டி அந்தக் காடி இருக்குல்லா, அத ஒரு படம் புடிச்சு, பெருசா பிரிண்ட் போட்டுக் குடு. கண்ணு இருக்கும்போதே அத்தான் பாக்கணுங்காவ. உப்பளத்துல இருந்து மூணாவது டவரு. அத மறக்காம எடுத்துரு, என்ன?"

பாண்டுப் பம்பாயின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. காடி என்றால் கழிமுகம். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மற்றதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது என்று நினைத்தேன். போன மாதம்தான் தன் மகளுடைய போட்டோ ஒன்றை அனுப்பி, "பின்னால துணி காயப்போட்ட கொடி தெரியுது, அத எடுத்துரு" என்றிருந்தாள். எடுத்துக் கொடுத்தேன். இப்போது டவரை எடுக்கச் சொல்கிறாள். மனுஷனின் காலை முடக்கிய டவர் கல்யாண நாள் படத்தில் எதற்கு? பாவம், அவளுக்கும் எவ்வளவு நாள் உறுத்தலோ என்று மனம் இளகிப் போனேன்.

மார்ச் மாதம் அது. காடியில் பூநாரைகள் நிறைந்திருந்தன. கிழக்கே அக்கரையில், ஐரோலிப் பக்கம் சூரியன் எழும்போது எடுத்தேன். வந்து உட்கார்ந்து நான்கு சாயங்காலம் வேலை பார்த்தேன். மூன்றாவது டவரோடு நிறுத்துவேனா? எல்லா டவரையும் எடுத்தேன். டவரின் கால்கள் சதுப்பில் விழுத்தியிருந்த நிழலைக்கூட விடவில்லை. வானத்தில் கொஞ்சம் ரோஜா நிறம் ஏற்றினேன். அசல் படங்களை அழித்துவிட்டேன். இடம் அடைக்கும் என்று முடிந்த வேலையின் அசலை நான் வைத்துக்கொள்வதில்லை. இரண்டடிக்கு மூன்றடியில் பிரிண்ட் போட்டு, மாட்டுங்காவில் மாலையும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி போய் இறங்கினேன்.

அத்தான் கட்டிலில் உட்கார்ந்து படத்தை மடியில் நிறுத்திக்கொண்டார். இடது கண்ணைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இஸ்திரி போடுவது போல இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார்.

"பூநாரை. சரியா இருக்கு. தண்ணி. காடு. சூரியன் கெளம்புது." அப்புறம் நிமிர்ந்தார். "டவரு எங்க மாப்ள?"

"எடுத்துட்டேன் அத்தான்."

"எடுத்துட்டல்லா. அது எங்கன இருக்குன்னு கேக்குதேன்."

"அதான் எடுத்துட்டேனே. சுத்தமா எடுத்துட்டேன். அடையாளமே தெரியாது."

அவர் மறுபடி குனிந்தார். கண் இன்னொரு தடவை படம் முழுக்கப் போய் வந்தது. இந்தத் தடவை ரொம்ப மெதுவாக. பிறகு அக்கா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏட்டி, எனக்குத்தான் தெரியலயா?"

அக்கா கைத்துண்டைப் போட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். "இல்லங்க. எனக்கும் தெரியல" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை.

"அழிக்கவால சொன்னேன் ஒன்ன?"

"நீதான எடுத்துருன்ன."

"போட்டோவுல எடுன்னேன். அவுகளுக்கு அதத்தான பாக்கணும்."

"போன மாசம் கொடிய எடுத்துருன்னியே, அது என்னவாம்?"

"கொடின்னா எடுப்பாங்க. டவர எவனாவது எடுப்பானால?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஒழுங்கா தமிழ் பேசத் தெரியாதா ஒனக்கு? விழுந்த டவர எதுக்கு அத்தான் பாக்கணும்? ஆசையா அது?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான், இவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டில் நான் முதல்முறையாக அதைச் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

அத்தான் சிரித்தார். "விழலேன்னா ஒங்க அக்காவ நான் எங்க பாத்திருப்பேன் மாப்ள?"

அக்கா அப்போது ஓர் ஆஸ்பத்திரி கேண்டீனில் வேலை பார்த்தாளாம். வார்டு வார்டாகக் கட்டிங் சாயா, அதாவது அரை கிளாஸ் டீ, கொண்டுபோவது அவள் வேலை. அத்தான் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கப்போட்டிருந்தார்கள். "ரெண்டு மாசம். தெனம் மூணு கட்டிங் சாயா வாங்குவாவ. அதுல ரெண்டு ஆறிப்போயி அப்படியே இருக்கும். எதுக்கு வாங்குதீயன்னு கேட்டேன்" என்று சொல்லி அக்கா நிறுத்திக்கொண்டாள். அவர் என்ன பதில் சொன்னார் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அக்காவுக்கு வெட்கம் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அந்த டவரு இன்னும் நிக்குல்லா மாப்ள" என்றார் அத்தான். "இந்த ஊருல நான் நட்டதுல எனக்குத் தெரிஞ்சு நிக்குறது அது ஒண்ணுதான். இந்தக் கண்ணு இருக்கும்போது ஒருவாட்டி பாத்துருவோம்னு நெனச்சேன். பரவால்ல. பூநாரை நல்லா வந்துருக்கு." அந்தப் பரவாயில்லை எனக்குச் செருப்படி. அதைவிட அக்கா திட்டியதே தேவலை.

உடனே திரும்பிப் போய் எடுத்திருக்க வேண்டும். எனக்கு எங்கே அந்தப் புத்தி? அழிக்கத் தெரிந்தவனுக்கு வைக்கத் தெரியாதா என்று உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் டவர் என்று எழுதினாலே போதும், கம்ப்யூட்டரே வரைந்து அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப நிழலும் போட்டுத் தந்துவிடுகிறது. அரைமணி நேரத்தில் முடிந்தது. அசலைவிட அழகாக இருந்தது. அடுத்த ஞாயிறே பிரிண்டோடு போனேன்.

அத்தானின் கண் டவரின் அடியிலிருந்து மேலே ஏறியது. பாதியில் நின்றது.

"இத யாரு நட்டா மாப்ள?"

"நீங்கதான் அத்தான்."

"நானா? வயரு தாங்குற கை இடது பக்கம் மூணு இருக்கு, வலது பக்கம் ரெண்டுதான் இருக்கு. ஆறு கை வேணும். நான் நட்டுருந்தா அன்னைக்கே வேலைய விட்டுத் தொரத்திருப்பாங்க." கண் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "இந்த வயரு எங்க போகுது? நடுவானத்துல முடிஞ்சிருக்கு. ஆகாசத்துக்கா கரண்டு குடுக்காங்க?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே அவமானம். பார்வை போய்க்கொண்டிருக்கிற ஒற்றைக் கண் கண்டுபிடித்ததை, இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் கவனிக்கவே இல்லை. டவரைப் பார்த்ததும் அழிக்கத்தான் எனக்குத் தெரியும். அதற்கு எத்தனை கை என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

அதற்குப் பிறகு போகலாம் என்றபோது காலம் இடம் கொடுக்கவில்லை. அத்தானின் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. ஊசி போட்டார்கள், பெரிய குணமில்லை. சாண் தூரம் நாலு விரல் தூரமாகியது. ஜூனில் முதல் மழை விழுந்த வாரம், இனி தள்ளிப்போட முடியாது என்று டாக்சி பிடித்தேன். "நானும் வாரேன்" என்று அத்தானும் ஏறிக்கொண்டார். அவர் வந்தால் அக்கா வராமல் இருப்பாளா?

உப்பளத்துச் சாலையில் தூறல். பூநாரைகள் போயிருந்தன. அக்கரை மலை தெரியவில்லை, சூரியன் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல். நான் டவர்களை எண்ணினேன். மூன்றாவது, சதுப்பில் முழங்கால் புதைந்து நின்றது. ஆறு கை. அத்தான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றார். அவருக்கு வெளிச்சம்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. ஈரக்காற்றில் மேலே கம்பிகள் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "கரண்டு ஓடுது" என்றார். நான் வேண்டிய அளவு எடுத்தேன்.

பிரிண்டைக் கொண்டுபோனபோது அவர் வெகுநேரம் முயன்று பார்த்தார். "பொகையா இருக்கு மாப்ள" என்றார். குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மண்டையில் அடித்தது போலிருந்தது. அந்தச் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம்கூடத் தொடாமல் அப்படியே வைத்திருந்தேன். திருந்திவிட்டேனாம், அதைக் காட்டிக்கொள்ள.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். கான்ட்ராஸ்ட்டைக் கடைசி வரை ஏற்றினேன். முதலில் தூறல் போனது. அப்புறம் தண்ணீர், அப்புறம் காடு. நான் ஆசைப்பட்டு எடுத்த அத்தனையும் போய்த் தாள் வெள்ளையாக, நடுவில் டவர் மட்டும் கறுப்பாக நின்றது. ஒவ்வொரு கையையும் அசலோடு வைத்துச் சரிபார்த்தேன். கம்பிகள் தாளின் இரண்டு ஓரமும் தொட்டு வெளியே போயின. இந்த முறை அசலை அழிக்கவில்லை. இருபது வருஷத்தில் நான் செய்த படங்களிலேயே அவலட்சணமான படம் அதுதான்.

மறுநாள் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். மூக்கு தாளில் உரசுகிற அளவுக்குக் குனிந்தார். கட்டைவிரலை டவரின் அடியில் வைத்து, அதைத் தொடர்ந்து கண்ணை மேலே ஏற்றினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. அங்கிட்டு மூணு." விரல் இடது பக்கம் இரண்டாவது கைக்குக் கீழே நின்றது. "இங்கன இருந்துதான் விழுந்தேன்." அந்த இடத்தை அவர் தடவிக்கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

கொஞ்ச நேரம் கழித்துப் படத்தை மடியில் சாய்த்தார்.

"மாப்ள, இதே மாதிரி ஒங்க அக்காவ ஒண்ணு புடிச்சுக் குடு. கறுப்பு வெள்ளையா. மொகம் மட்டும்."

அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள். "எனக்கு எதுக்குப் போட்டோ? நான் இங்கனதான இருக்கேன்."

"நீ இருக்க" என்றார் அத்தான். "எனக்குத் தெரியலல்லா."

கேமராவைக் கண்டாலே முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறவள் என் அக்கா. அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வந்து, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்தாள்.