பாதாம் வைத்த நாலு சலாம்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே முதலாளி தயாளன் சார் கெடு வைத்துவிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள பாதாம் நிக்காம நாலு ஸ்பின் சுத்தணும்மா. இல்லாட்டி கல்யாண ஊர்வலத்துக்குக் குடுத்துடுவேன்."

பாதாமுக்கு மூன்று வயது. பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கும் எங்கள் பண்ணையில் நான் முதன்முதலாகச் சேணம் ஏற்றிப் பழக்கிய குதிரை. பேண்டுக்கும் பட்டாசுக்கும் நடுவில் அவனை விட எனக்கு மனசில்லை.

ஸ்பின் என்றால் குதிரை நின்ற இடத்திலேயே சுழல்வது. இடப்பக்கம் சுற்றினால் இடது பின்னங்கால் அச்சாணி மாதிரி ஊன்றியிருக்க வேண்டும். வலது முன்னங்கால், இடது முன்னங்காலுக்கு முன்னால் குறுக்கே எட்டி வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ரெயினை, அதாவது கடிவாள வாரை, பிடித்து இழுப்பார்கள். கழுத்து மட்டும்தான் திரும்பும். சின்ன வட்டத்தில் நடக்கவிட்டு, வெளிப்பக்க ரெயினைக் கழுத்தில் சாய்த்து, காலால் லேசாகத் தொட்டால் போதும். குதிரை சரியாக எட்டி வைத்ததும் நாம் உடனே உடம்பைத் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வுதான் அவனுக்கு நாம் சொல்லும் சபாஷ்.

மூன்றாம் வாரத்தில் கால்கள் சரியாகிவிட்டன. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேலியின் வடக்குக் கம்பத்தைக் கண்டதும் பாதாம் நின்றுவிடுவான். பல்லைப் பார்த்தேன், லாடத்தைப் பார்த்தேன். அந்தக் கம்பத்தில் தொங்கிய என் பையை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. குதிரை மேல் போன் கூடாது என்பது பண்ணை விதி, அதனால் என் போன் அந்தப் பையில் இருந்தது. எட்டு மாத மகள் ஐயப்பன்தாங்கல் கிரெச்சில் இருந்தாள்.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ரஃபீக்தான் சிரித்தான். "இன்னாக்கா, கொயந்தைக்குப் போன் வருதான்னு நீ பாக்குறியா, அவன் பாக்குறானா?"

சொன்னவன் பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனான். பாதாம் தெற்கே பார்த்து நின்றான். ரஃபீக் கிழக்கே போனான். பாதாமும் கிழக்கே பார்த்து நின்றான்.

குதிரைக்குப் போன் ஏது? பை இருக்கும் பக்கம் என் தலை திரும்பும். கூடவே உடம்பும் தளரும். அவன் அதைச் சபாஷ் என்று எடுத்துக்கொண்டான். நாம் எதைக் கேட்கிறோம் என்பதைவிட எங்கே விடுகிறோம் என்பதைத்தான் குதிரை கற்றுக்கொள்கிறது.

இது புரிந்தபோது கெடுவுக்கு இரண்டே நாள் இருந்தது. என் தலையோ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கெடு நாளன்று சார் வேலியோரம் வந்து நின்றார். ரஃபீக் என் போனை அவர் சட்டைப் பாக்கெட்டில் போட்டான். "அக்கா பொண்ணுக்கு நேத்து ஜுரம் சார். போன் அடிச்சா கொரல் குடு."

நாலு சுற்றிலும் பாதாம் சார் முன்னால் நின்று நின்று போனான்.

"யோவ் ரஃபீக்கு, மொதலாளின்னு தெரிஞ்சிகினு நாலு தரம் சலாம் வெக்கிறான்யா!" சார் பூரித்துப் போனார். கல்யாணப் பேச்சே எழவில்லை.

சிக்கல் எனக்குத்தான். சொன்னால் பாதாம் போய்விடுவான். சொல்லாவிட்டால் அந்தத் தப்பிலேயே வளர்வான். மறுநாள் காலை சொல்லிவிட்டேன்.

சார் முகம் சுருங்கியது. "அப்ப அவன் என்னப் பாக்கலியா?"

"உங்க பாக்கெட்ட நான் பார்த்தேன் சார். பத்து நாள் குடுங்க."

பத்து நாளும் குதிரையின் காதுகளுக்கு நடுவிலேயே கண்ணை வைத்துப் பழகினேன். போன் ஒரே ஒரு முறை அடித்தது. கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

பத்தாம் நாள் சார் தானே போனைக் கேட்டு வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "நாலு சுத்து சுத்திட்டு எனக்கு முதுகக் காட்டி நிக்கட்டும், பாக்கலாம்."

எங்கேயும் தயங்காமல் நாலரைச் சுற்று. பாதாம் தன் பின்பக்கத்தைச் சாருக்கு நேராகக் காட்டி நின்றான். வாலையும் ஒரு வீசு வீசினான். ரஃபீக் வாயைப் பொத்திக்கொண்டு லாயத்துக்குள் ஓடினான்.

சார் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சரி, இங்கியே இருக்கட்டும். ஆனா யாராச்சும் வந்தா இப்பிடி முதுகக் காட்டி நிறுத்தாத."